நீலம் போடாத தெரு

செருப்ப வெளியிலயே விட்டுட்டு வாம்மா. இப்பதான் தரையத் தொடச்சேன், வழுக்கும், பாத்து வா. அந்த நாற்காலில உக்காரு. ஃபேன் போடறேன். காபி குடிப்பதானே? வேணாம்னு சொல்லாத. வெயில்ல தெருத்தெருவா அலைஞ்சிட்டு வந்திருக்க, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. டிக்காஷன் போட்டு வெச்சிருக்கேன், பால் காய்ச்சினா போதும்.

என்ன சொன்ன, மேப்பா? மறுபடியும் மேப் போடறீங்களா. போடுங்க. போன தடவ வந்தவங்களும் உன்ன மாதிரிதான். ஏதோ காலேஜுலேர்ந்து வந்தாங்க. கழுத்துல அடையாள அட்டை, கையில இதே மாதிரி பெரிய ஃபோனு, "ஆன்ட்டி, உங்க வீட்டுல தண்ணி எவ்வளவு உயரம் வந்துச்சு"ன்னு கேட்டுக்கிட்டு. நல்ல பசங்கதான், நான் கொற சொல்லல. ஆனா அவங்க போட்ட மேப்பாலதான் இந்தத் தெருவுல ஒரு உசுரு போச்சு. அத நீ முதல்ல எழுதிக்கோ. மத்தத அப்புறம் கேளு.

யாருன்னா? ஜன்னல் வழியா பாரு. பச்சை கேட்டு, பூட்டு தொங்குதே, அந்த வீடு. ஜெசிந்தா டீச்சர். தனிக்கட்டை, கல்யாணம் பண்ணிக்கல. ரிட்டயர் ஆகி இந்தத் தெருவுல வீடு கட்டிக்கிட்டு வந்தவங்க. என் பொண்ணு சிந்துஜாவுக்கு சின்ன வயசுல கையப் புடிச்சு எழுதச் சொல்லிக் குடுத்ததே அவங்கதான். நான் இந்தத் தெரு நலச் சங்கத்துக்கு செக்ரட்டரி. அப்பவும் நான்தான், இப்பவும் நான்தான். இப்ப கூட்டத்துக்கு யாரும் வர்றதில்ல, அது வேற விஷயம்.

டீச்சரோட தம்பி மகன் அமலதாஸ்னு ஒரு பையன். அடக்கத்துக்கு வந்தவன் இதே வாசல்ல நின்னு, அவ்வளவு பேர் முன்னாடி என்னைக் கேட்டான். "எதிர் வீட்டுலதானே இருந்தீங்க, எங்க அத்தை கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கலயா?" கேக்கலப்பான்னு சொன்னேன். அந்த மழையில எப்படிம்மா கேக்கும்? நீயே சொல்லு. அவன் என் மூஞ்சியவே ஒரு தடவ பாத்துட்டுப் போயிட்டான். அப்படிப் போனவன் ஒரு வார்த்தை திட்டிட்டாவது போயிருக்கலாம். அன்னிலேர்ந்து இந்தத் தெருவே அவன் பாத்த மாதிரி என்னைப் பாக்குது.

இரு, பால் பொங்கிடும். வந்துட்டேன்.

ஆரம்பத்துலேர்ந்து சொன்னாத்தான் உனக்குப் புரியும். ஏரி உடைஞ்ச வருஷம் இங்க ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணி வந்துச்சு. அது வாஸ்தவம், நான் இல்லைன்னு சொல்லல. வடிஞ்சப்பறம் எல்லா வீட்டுச் சுவத்துலயும் பழுப்பா ஒரு கோடு. தெரு முனையிலேர்ந்து கடைசி வீடு வரைக்கும் ஒரே மட்டம், கயிறு கட்டி இழுத்த மாதிரி. அந்த சமயம் பாத்து சிந்துஜாவுக்கு ஒரு வரன் வந்துச்சு. மார்கழி பொறக்கறதுக்குள்ள பாத்துட்டுப் போயிடறோம்னு அவசரமா வந்தாங்க. ஜாதகம் எல்லாம் ஏற்கெனவே பாத்து, பிரமாதமாப் பொருந்துதுன்னு சொன்னவங்க. வந்து உக்காந்து, மாப்பிள்ளையோட அப்பா பொண்ணப் பாக்கலம்மா, சுவத்தப் பாத்தாரு. கேசரிய வாயில போட்டுக்கிட்டே அந்தக் கோட்டப் பாத்தாரு. அடுத்த நாள் ஃபோன் பண்ணி ஜாதகத்துல ஏதோ இடிக்குதுன்னாங்க. எங்க இடிச்சுதுன்னு எனக்குத் தெரியாதா?

பொண்ணப் பெத்தவளுக்குத்தான் அந்த வலி தெரியும். சிந்துஜா ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டா. நான் சங்கத்தக் கூட்டினேன். பொங்கலுக்கு எப்படியும் வெள்ளையடிக்கப் போறோம், இந்தத் தடவ ஒரு வீடு பாக்கியில்லாம எல்லாரும் போகிக்குள்ள அடிச்சிடணும்னு சொன்னேன். எல்லாருக்கும் சம்மதம். யாரு வீட்டுல பொண்ணு இல்ல, பையன் இல்ல, மாடிய வாடகைக்கு விடற யோசனை இல்ல? பெயிண்டர் ஏகாம்பரத்தப் புடிச்சு மொத்தத் தெருவுக்கும் பேசி விட்டேன். தெரு பளிச்சுன்னு ஆயிடுச்சு. பொங்கல் அன்னிக்கு வாசல்ல கோலம் போட்டுட்டு நிமிந்து பாத்தா, ஒரு வீட்டுல கோடு இல்ல.

டீச்சர் வீட்டத் தவிர. அவங்க மாட்டேன்னுட்டாங்க. "அது இருக்கட்டும் செக்ரட்டரியம்மா, அடுத்த தடவ எப்பக் கெளம்பணும்னு எனக்கு அது ஞாபகப்படுத்தும்"னாங்க. டீச்சர் இல்லையா, எல்லாத்தையும் பாடமாவே பாப்பாங்க. அப்புறம் முட்டி ஆபரேஷனுக்குத் தம்பி வீட்டுக்குப் போனாங்க. பாவம் தனி மனுஷி, திரும்பி வரும்போது வீடு பாழடைஞ்சு கெடக்கக் கூடாதுன்னு நானே ஏகாம்பரத்த விட்டு முன்பக்கச் சுவத்த அடிச்சுக் குடுத்தேன். அவங்ககிட்ட ஒத்தக் காசு வாங்கல. யாரு செய்வா இந்தக் காலத்துல? கம்ப ஊனிக்கிட்டு ஆட்டோவுலேர்ந்து எறங்கினவங்க சுவத்த ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் தேங்க்ஸ்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க.

இதெல்லாம் முடிஞ்சப்பறம்தான் அந்தக் காலேஜ் பசங்க டேப்பத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. நாங்க அவங்களுக்காக அடிக்கலம்மா, அதக் கவனிச்சுக்கோ. பொங்கலுக்கு அடிச்சோம். அவங்க பொங்கலுக்கு அப்புறம் வந்தா அது எங்க தப்பா? அவங்க வேலை என்னன்னா, மேலேர்ந்து எடுத்த படத்துல ஏரி தெரியுதாம், தெரு தெரியுதாம், ஆனா எந்தத் தெருவுல தண்ணி எவ்வளவு ஏறிச்சுன்னு தெரியாதாம். அதுக்குச் சுவரு வேணுமாம், மனுஷங்க வேணுமாம். ஒவ்வொரு சுவரா தடவித் தடவிப் பாத்தாங்க. நான்கூட மோர் குடுத்தேன்.

அப்புறம் கல்யாண மண்டபத்துல கூட்டம் போட்டாங்க. பந்தி போடற மேஜைய நாலஞ்சு சேத்துப் போட்டு, அது மேல ஊர் மொத்தத்தையும் வரைஞ்சு விரிச்சு வெச்சிருந்தாங்க. கையில ஸ்டிக்கர் குடுத்தாங்க, நெத்திப்பொட்டு அளவுல. தண்ணி வந்த எடத்துக்கு நீலம், வெயில் தாங்க முடியாத எடத்துக்குச் சிவப்பு, புயலுக்கு மரமும் கம்பமும் சாயற எடத்துக்குப் பச்சை. ஏரிய மூடி வீடு கட்டின எடத்துல பூமி லேசா ஆடினாக்கூட தாங்காதாம், அதுக்கு ஒரு பழுப்பு. அவங்கவங்க தெருவுக்கு அவங்கவங்களே ஒட்டணும். ஒரு தெருவுக்கு என்னென்ன ஆபத்துன்னு ஒரே மேப்புல பாத்தா, எங்க முதல்ல போகணும்னு தெரியுமாம். நல்ல யோசனைதான்.

நான் எங்க தெருக்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன். சிவப்பு எவ்வளவு வேணும்னாலும் ஒட்டுங்க. வெயில் எல்லாருக்கும் பொது, அதுல மானக்கேடு ஒண்ணும் இல்ல. பச்சை ஒட்டுங்க, கெழக்கு மூலை தூங்குமூஞ்சி மரம் எப்ப வேணா விழும். நீலம் மட்டும் வேணாம். அந்த மேப் ஃபோன்லயே வரும், தெரு பேரத் தட்டினா கலர் தெரியும்னு அந்தப் பசங்களே சொல்லிட்டாங்க. அப்புறம் எந்த சம்பந்தி நேர்ல வந்து சுவத்தப் பாப்பான்? வீட்டுல உக்காந்தே பாத்துட்டு, ஜாதகம் இடிக்குதும்பான்.

எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. நல்லாக் கேட்டுக்கோ, எல்லாரும். இப்ப என்னைப் பாத்தா தலையத் திருப்பிக்கிட்டுப் போறாங்களே, அவங்க எல்லாரும். டீச்சர் மட்டும் கம்ப ஊனி நடந்து வந்து, அவங்க வீட்டு மேல ஒரு நீலத்த ஒட்டிட்டுப் போய் உக்காந்துட்டாங்க. அது சரியா ஒட்டலம்மா, ஓரத்துல தூக்கிக்கிட்டு இருந்துச்சு. நான் எடுத்து ஏரிக்கரைத் தெருவுல ஒட்டினேன். அங்க ஏற்கெனவே மொய்ச்சுக் கெடந்துச்சு, கூட ஒண்ணு இருந்தா என்ன ஆயிடப் போகுது. டீச்சர் பாத்தாங்களான்னு எனக்குத் தெரியாது. பாத்திருந்தா சொல்லியிருப்பாங்கல்ல?

மேப் வந்துச்சு. சொன்னா நம்பமாட்ட, ரேஷன் கடை வரைக்கும் நீலம், அந்தாண்ட கோயில் தெருவுலேர்ந்து மறுபடியும் நீலம், நடுவுல எங்க தெரு மட்டும் சிவப்பும் பச்சையுமா இருக்கு. தண்ணி எங்க தெருவத் தாண்டிக் குதிச்சுப் போகுமாம். அந்தப் படிச்ச பசங்களுக்கு அதப் பாத்து ஒரு சந்தேகம் வரவேண்டாமா? அதத்தான் நான் கேக்கறேன். அது அவங்க வேலை இல்லையா? நாம ஆயிரம் சொல்லுவோம், அவங்கதானே விசாரிக்கணும்.

அந்த வைகாசியில சிந்துஜாவுக்கு வேற வரன் வந்துச்சு. சென்னைக்குள்ளயே நல்ல குடும்பம். மாப்பிள்ளை வீட்டுல ஃபோன்ல பாத்துட்டுத்தான் வந்தாங்களாம், சம்பந்தியம்மாவே சிரிச்சுக்கிட்டு சொன்னாங்க, "உங்க தெரு மேடு போல"ன்னு. ஆமா, மேடுன்னேன். தை மாசம் முகூர்த்தம் வெச்சோம். டீச்சர் பொண்ணுக்குப் புடவை எடுத்துக் குடுத்தாங்க, மயில் கழுத்துக் கலர்ல.

அப்ப ஐப்பசி முடிஞ்சு மழை புடிச்சுது. ஒரு நாள் காலையில ஆட்டோவுல மைக் கட்டிக்கிட்டு வந்தாங்க. ஏரியத் தொறக்கப் போறோம், இந்தந்தத் தெருக்காரங்க ஸ்கூலுக்குப் போயிடுங்கன்னு ஒவ்வொரு பேரா வாசிச்சாங்க. ஏரிக்கரைத் தெரு, ரேஷன் கடைத் தெரு, கோயில் தெரு. எங்க தெரு பேரு இல்ல. எல்லாம் அந்த மேப்ப வெச்சுதான். யாரு முதல்ல போகணும், படகு எங்க நிக்கணும், எல்லாம் கலர் பாத்து.

டீச்சர் பையோட கேட்டுல நின்னாங்க. மாத்திரை, கண்ணாடி, ஜெபமாலை, ரெண்டு புடவை. ஆட்டோவ நிறுத்தச் சொல்லிக் கைய ஆட்டினாங்க. நான் எறங்கிப் போய்ச் சொன்னேன். "டீச்சர், நம்ம தெரு பேரு வாசிக்கல. நீங்க போனா அங்க பேரு எழுதுவாங்க, எந்தத் தெருன்னு எழுதுவாங்க. ஒரு வீடு போனாலும் போச்சு, இன்னும் ரெண்டு மாசத்துல கல்யாணம்." அப்படித்தான் சொன்னேன். தண்ணி வந்தா நானும் எங்க வீட்டுக்காரரும் வந்து உங்கள எங்க மாடிக்குத் தூக்கிட்டுப் போயிடறோம்னும் சொன்னேன். மனசாரச் சொன்னேன். அவங்க என்னையே பாத்தாங்க. "சிந்துஜாவுக்காகன்னா சரி"ன்னுட்டு உள்ள போனாங்க. நான் கையப் புடிச்சு இழுக்கலம்மா. அவங்களாத்தான் போனாங்க.

மத்தியானம் நாங்க சாப்பிட்டு எழுந்திருக்கல, தண்ணி வந்துடுச்சு. முன்ன மாதிரி மெதுவா ஊறி வரல, ஓடி வந்துச்சு. சிந்துஜாவ மேல அனுப்பி, அரிசி மூட்டைய மேல ஏத்தி, திரும்பிப் பாத்தா படியில பாதி இல்ல. வீட்டுக்காரரு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு எறங்கினாரு. டீச்சரக் கூட்டிட்டு வர்றேன்னாரு. தெருவுல தண்ணி இழுத்துக்கிட்டுப் போகுது, ஒரு ஸ்கூட்டர் மெதந்து போகுது. அவருக்கு நீச்சல் தெரியாது. நான் அவரு சட்டையப் புடிச்சுக்கிட்டேன். கிழிஞ்சே போச்சு. இப்பவும் சொல்றேன், அந்த நிமிஷம் திரும்ப வந்தாலும் புடிச்சுப்பேன். வேற எந்தப் பொண்டாட்டி விடுவா?

படகு அனுப்பற ஆபீசுக்கு ஃபோன் பண்ணேன். பண்ணிக்கிட்டே இருந்தேன். எடுத்தவங்க தெரு பேரக் கேட்டாங்க. கேட்டுட்டு, "உங்களது நீலத்துல இல்லையேம்மா, நீலம் முடிச்சிட்டு வர்றோம்"னாங்க. நாலு மணி வாக்குல முனையில ஒரு படகு போச்சு. நான் மாடியிலேர்ந்து புடவைய வீசிக் கத்தினேன். அதுல ஒருத்தர் நிமிந்து பாத்தாரு, கையில இருந்த ஃபோனப் பாத்தாரு, ஏரிக்கரைப் பக்கம் கையக் காட்டினாரு. போயிட்டாங்க. என் கண்ணு முன்னாடி போச்சும்மா அந்தப் படகு. அதுக்கு யாரு பதில் சொல்லுவா? அமலதாஸ் அங்க போய்க் கேட்டானா? என்னை வந்து கேக்கறான்.

டீச்சர் கூப்பிட்டாங்களாம். முதல்ல ஜன்னல்கிட்டேர்ந்து "செக்ரட்டரியம்மா"ன்னு. அப்புறம் கட்டில் மேல ஏறி, கொஞ்சம் ஒசரத்துலேர்ந்து. அப்புறம் எங்க வீட்டுக்காரரு பேரச் சொல்லி, சார், சார்னு. கடைசில "சிந்துஜா"ன்னு மட்டும். இழுத்து இல்ல, வகுப்புல பேரு கூப்பிடுவாங்களே, அப்படி. கரண்டியோ என்னமோ வெச்சு ஜன்னல் கம்பியத் தட்டினாங்களாம். வெளக்கு வெக்கற நேரம் வரைக்கும் தட்டினாங்களாம். இதெல்லாம் பின்னாடி யாரோ சொன்னது. யாரு சொன்னாங்கன்னு இப்ப ஞாபகம் இல்ல. எனக்குக் கேக்கல. மொட்டை மாடியில தகரக் கூரை போட்டிருக்கோம், அதுல மழை விழுந்தா பக்கத்துல பேசறதே கேக்காது.

சிந்துஜா காதப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தா. இடிக்குப் பயப்படுவா, சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்.

கல்யாணம் நடந்துச்சு. தேதி மாத்தல. நல்லா இருக்கா. இங்க வர்றதுதான் இல்ல, தூரம் பாரு. அந்த மயில் கழுத்துப் புடவைய இங்கயே விட்டுட்டுப் போயிட்டா. வீட்டுக்காரரும் அவகிட்டதான் இருக்காரு. முட்டி வலி, மாடி ஏற முடியலன்னு போனாரு. ஃபோன் பண்ணா பேசுவாரு, சாப்பிட்டியான்னு கேப்பாரு. அதுக்கு மேல அவருக்குப் பேச்சு வராது.

காபிய எடுத்துக்கோ, ஆறிடப் போகுது. ஏன் அந்தச் சுவத்தயே பாக்கற? ஆமா, கோடுதான். போன வாரம்தான் ஏகாம்பரம் வந்து அடிச்சுட்டுப் போனான். உப்பு ஏறிடுச்சும்மா, இனிமே எது அடிச்சாலும் நிக்காதுன்னு சொல்லிட்டான். அடிக்க அடிக்க வருது. காலையில எழுந்தா முதல்ல அதத்தான் பாக்கறேன். தனியா இருக்கேன்ல, வேற எதப் பாக்கறது. சில நாள் நான் கோலம் போடறப்ப எதிர்ல ஜன்னல் கம்பி தட்டற மாதிரி இருக்கும். காத்துக்கு அந்தக் கதவு ஆடும், அதான். அணில்கூட இருக்கலாம். எனக்குப் பயமா இருக்கும்மா. பகல்லயே பயமா இருக்கு.

டீச்சர் வீட்டுக்குள்ள அளக்கணுமா? தாராளமா அள. சாவி என்கிட்டதான் இருக்கு. அமலதாஸ் குடுத்ததில்ல. டீச்சரே குடுத்து வெச்சிருந்தாங்க, ஆபரேஷன் முடிஞ்சு வந்தப்ப, ஏதாவது அவசரம்னா நீங்க தொறந்து வரலாமேன்னு. இந்தா, இந்தப் பெரிய சாவிதான் முன் கதவு.

ஒரு உதவி பண்ணும்மா. அளந்து முடிச்சுட்டு, உள் ரூம் ஜன்னல்கிட்ட நின்னு ஒரு தடவ கூப்பிடு. செக்ரட்டரியம்மான்னு கூப்பிடு. நான் இங்க இதே எடத்துல உக்காந்திருக்கேன். சிலிண்டர் போடற ஆளக் கூப்பிடச் சொல்லிப் பாத்தேன், கேட்டுச்சு. ஏகாம்பரத்த விட்டுக் கூப்பிடச் சொன்னேன், கேட்டுச்சு. அவங்க ஆம்பளைங்க, தொண்டை பெருசு. கீரை விக்கறவளக் கூப்பிடச் சொன்னேன். அவ கூவிக் கூவிப் பழகினவ, அதக் கணக்குல எடுத்துக்க முடியாது. உன் குரல் மெல்லிசா இருக்கு. அவங்க குரலும் இப்படித்தான் இருக்கும்.

இல்ல, இன்னிக்கு வேணாம். இன்னிக்கு நல்ல வெயில், கேக்கத்தான் செய்யும். அத வெச்சு ஒண்ணும் முடிவு பண்ணக் கூடாது. நீ கார்த்திகையில வா. மழை நல்லா வலுக்கட்டும், தகரத்துல சடசடன்னு விழட்டும், அப்ப வந்து அந்த ஜன்னல்கிட்ட நின்னு கூப்பிடு. எனக்குக் கேக்கலன்னா, கேக்கலன்னு உன் ஃபோன்ல எழுதிடு, நான் கையெழுத்துப் போடறேன், அமலதாசுக்கு அனுப்பிடலாம். அதுவரைக்கும் இந்தத் தெருவுக்கு எந்தக் கலரும் போட்டுடாதம்மா.